பதினேழாம் எண் ரத்தம்

அந்த டிசம்பர் முதல் வாரம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. புதிய கொரோனா வகை ஜோகன்னஸ்பர்க்கில் மளமளவென்று பரவிக்கொண்டிருந்தது. டர்பனில் எங்கள் கைக்கு அதன் உயிருள்ள கிருமியே வந்து சேர்ந்திருந்தது. தடுப்பூசி இதன் முன்னால் நிற்குமா என்று உலகமே கேட்டது. எனக்கு உலகத்தைப் பற்றிக் கவலையில்லை. ஜோகன்னஸ்பர்க்கில் டாக்ஸி வேன் ஓட்டும் என் அண்ணன் முசாவைப் பற்றித்தான் பயம். அவன் ஒரு ஊசிகூடப் போட்டுக்கொள்ளவில்லை.

"எனக்கு எதுக்கு ஊசி? எனக்குத்தான் ஏற்கெனவே வந்துடுச்சே. நீங்கல்லாம் சேர்ந்துதானே சொன்னீங்க?" எப்போது கேட்டாலும் இதே பதில்.

சொன்னது நிஜம். ஒரு வருடத்துக்கு முன்னால், டிசம்பர் பத்தாம் தேதி, டர்பனை ஒட்டிய உம்லாசியில் எங்கள் வீட்டுக்கு அவன் இருமிக்கொண்டே வந்து இறங்கினான். பதிமூன்றாம் தேதி அப்பாவுக்குக் காய்ச்சல். கிறிஸ்துமஸுக்கு முன்பே அடக்கம் செய்துவிட்டோம். மூத்த மகன் குழியருகே வந்தபோது, "நீதான் கொண்டுவந்தே, கிட்ட வராதே" என்று எல்லார் முன்னாலும் கத்தியவள் நான். அவனுக்கு யாரும் பரிசோதனை செய்யவில்லை. என் வாய்தான் பரிசோதனை. அம்மாவும் தடுக்கவில்லை. அவன் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனான். பிறகு வீட்டுப் பக்கம் வரவேயில்லை.

எங்கள் சோதனை எளிதானது. ரத்தத்தின் தெளிந்த நீரைக் கிருமியோடு கலந்து உயிரணுக்கள் மேல் விடுவோம். ரத்தம் தோற்றால் கிருமி புகுந்த இடமெல்லாம் தட்டில் நீலப் புள்ளிகள். ஒரு வரிசையில் ஊசி மட்டும் போட்டவர்களின் ரத்தம். அடுத்ததில் நோயும் வந்து ஊசியும் போட்டவர்களுடையது. ஊழியர்களான நாங்களே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுப்போம்.

முதல் வரிசை நீலமாக நிறைந்து கிடந்தது. இரண்டாவது வரிசையும் அடி வாங்கியிருந்தது, ஆனாலும் தாக்குப்பிடித்தது. முதல் வரிசையில் பதினேழாம் எண் மட்டும் ஏறக்குறைய சுத்தம்.

"போங்கா, இந்தப் பதினேழு தப்பான வரிசையில உக்காந்திருக்கு" என்று என்னைப் பெயர் சொல்லி அழைத்துக் காட்டினார் எங்கள் தலைவி டாக்டர் யோலாண்டி. "தனக்கு வந்துபோனதே தெரியாத ஆளு. கொடுத்து வச்சவங்க!"

எண் ஒட்டியது என் கை. அது என் ரத்தம்.

எங்களுக்குப் போட்ட ஊசி கிருமியின் வெளி முள்ளை மட்டுமே உடம்புக்குக் காட்டிக்கொடுக்கும். உள்ளிருக்கும் புரதத்துக்கும் எதிர்ப்பொருள் இருந்தால், நிஜக் கிருமியே வந்துபோயிருக்கிறது என்று அர்த்தம். என் ரத்தத்தில் இருந்தது. எப்போது வந்தது? உறைபெட்டியில் என் பழைய குழாய்கள் இருந்தன. ஒன்றில் போன வருட டிசம்பர் பதினான்கு என்று தேதி. அப்பாவுக்குக் காய்ச்சல் கண்ட மறுநாள்.

எதிர்ப்பொருள் உருவாகப் பத்து நாளாவது பிடிக்கும். அந்தக் குழாயில் அது இருந்தால், முசா ஊருக்கு வருமுன்பே எனக்கு வந்திருக்கிறது. குழாயைத் திருப்பி வைத்துவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. வைத்துவிடத்தான் நினைத்தேன், பொய் சொல்வானேன். ஆனால் எந்தத் தைரியத்தில் அவன் ஊசி வேண்டாம் என்கிறானோ, அந்தத் தைரியம் நான் கொடுத்தது. அதுவே பொய்யென்றால், அவன் உடம்பில் எந்தக் காவலும் இல்லாமல் நாள் முழுக்கப் பதினைந்து பேரோடு அடைபட்டுப் போய்வருகிறான்.

சோதித்தேன். இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டிலிருந்து முசாவைக் கூப்பிட்டேன். இரண்டு தடவை தப்பான பெயரை அழுத்தினேன்.

"என்னடி, இப்ப புதுசா எதைக் கொண்டுவந்தேன்?" என்றான்.

"அண்ணே, உனக்கு அது வந்ததுக்கு ஒரு சாட்சியும் இல்ல. எனக்குத்தான் வந்திருக்கு. நீ வர்றதுக்கு முன்னாடியே. அப்பாவுக்கு என்கிட்டேருந்துதான் போயிருக்கணும்."



"அப்ப என் இருமல்?"

"தெரியலண்ணே. சளியா இருந்திருக்கும். நாளைக்கே ஊசி போட்டுக்கோ, உன் கால்ல விழறேன்."

"ஊசி கிடக்கட்டும். அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போய்ச் சொல்லு. போனை வைக்காதே, என் காதுல விழணும்."

அம்மா அடுப்பில் சோள மாவு கிண்டிக்கொண்டிருந்தாள். அப்பாவுக்குப் பின் அவளுக்கு நான் ஒருத்திதான். அவள் முகம் எப்படி மாறும் என்று நினைத்துக்கொண்டே அடுப்பருகே போனேன்.

"அம்மா, முசா இல்லம்மா. அப்பாவுக்கு நோயைக் கொடுத்தது நான்."

கரண்டி நின்றது. அம்மா என் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"முசா! ஊசியைப் போட்டுக்கோடா. போட்டுட்டு வீட்டுக்கு வா."

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.