சந்தியாகுவுக்கு மேலே

…மூன்று பேர், மூன்றே மூன்று பாட்டன்மார் பேர்தான் கேட்டார், ஏழு தலைமுறை கேட்கவில்லை, அந்த அளவில் திரேசம்மா ரீச்சர் இரக்கக்காரிதான் என்று நினைத்துக்கொண்டே கௌசலா திரையில் நான்காவது பெட்டியை இடப்பக்கம் கொஞ்சம் நகர்த்தினாள், கோடு இன்னும் நேராக வரவில்லை, கொஞ்சம் மேலே, இல்லை, கீழே… பாருங்கள், செத்த பிறகும் மனசுக்குள் 'அவள்' என்று வரவில்லை, 'கேட்டார்' என்றுதான் வருகிறது, என்ன பழக்கம் இது. ரீச்சர் செத்து இன்றைக்கு இருபத்தாறு நாள். முப்பத்தோராம் நாள் பூசைக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்க ஐந்நூறு கல்வெட்டுப் புத்தகம் அடிக்க வேண்டும், முன்னட்டையில் ரீச்சரின் படம், உள்ளே செபங்கள், மருமக்கள் பேரால் யாரோ எழுதிக் கொடுத்த புலம்பல், கடைசித் தாளில் வம்ச மரம். கிளிநொச்சியில் எத்தனையோ அச்சகம் இருக்க அந்த வேலை இந்த அச்சகத்துக்கு, இந்தக் கதிரைக்கு, இவள் விரலுக்குக் கீழே வந்து சேர்ந்திருக்கிறது, இதைக் கடவுள் செயல் என்பதா, அப்படியென்றால் யாருடைய கடவுள், அவர்களுடையதா எங்களுடையதா. ஐந்து மணிக்கு ரீச்சரின் மகன் பெனடிக்ற் கையெழுத்துப் போட வருவான். இப்போது மூன்றே கால். இரண்டு பிரதி வைத்திருக்கிறாள், ஒன்றில் அந்த வரி இருக்கிறது, மற்றதில் இல்லை, எதை அவன் முன்னால் வைப்பது என்பதை மட்டும் இன்னும் தீர்மானிக்கவில்லை, தீர்மானித்துவிட்டாள், இல்லை, இன்னும் இல்லை.

2019 யூன் ஒன்பது, எங்கள் வாயில் ஆனி ஒன்பது, ஞாயிற்றுக்கிழமை. திகதி அவளுக்கு மறக்காது, மறந்தாலும் பழைய நாட்குறிப்புக் கொப்பியில் இருக்கிறது. பூசை முடிந்த கையோடு ரீச்சர் வெள்ளைச் சேலையில் ஜெயபுரத்துக்கு, எங்கள் வீட்டுக்கு, ஓட்டோவில் வந்தார், படலைக்கு வெளியே நின்றார், உள்ளே வாங்கம்மா என்று அம்மா மூன்று தரம் கூப்பிட்டும் வரவில்லை. பெனடிக்ற்றை விரும்பிய அக்கா சுதர்சினி கதவுக்குப் பின்னால், இவள் அக்காவுக்குப் பின்னால். "உங்கட ஆக்களில எனக்கு ஒரு கோவமும் இல்லை," என்றார் ரீச்சர், வகுப்பில் பேசுகிற அதே நிதானம், "கலியாணம் எண்டா வேரைப் பாக்கவேணும் கண்டியளோ. உங்கட பக்கத்தில மேல போக ஒரு மூண்டு பேர் சொல்லுங்கோ, நான் இப்பவே இந்தப் படலையில நிண்டு ஓம் எண்டுறன்." அப்பா கச்சான் தோட்டத்திலிருந்து வந்த கையோடு நின்றார். "எங்கப்பா பேரு முத்துக்கருப்பன்ங்கம்மா. அவங்கப்பா பேரு ராக்கன். அதுக்கு மேல… அதுக்கு மேல தெரியாதுங்க." ரீச்சர் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் மறந்திருக்கலாம், தலையை மட்டும் ஆட்டினார், பிழையான விடை சொன்ன பிள்ளையை இருத்துவதுபோல. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுபத்தேழு கலவரத்தில் அடித்துத் துரத்தப்பட்டு வந்த சனத்திடம் பாட்டனின் பேரைக் கேட்பது எப்படிப்பட்ட கேள்வி என்று ரீச்சருக்குத் தெரியாதா, சரித்திரம் படிப்பித்த மனுசிதானே. அப்பா அப்போது தலை குனிந்தாரா? குனிந்ததாகத்தான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள், நேற்றுக் கொப்பியை எடுத்துப் பார்த்தால் "அப்பா கையைச் சாரத்தில் துடைத்தார்" என்று மட்டுமே எழுதியிருக்கிறாள், அப்படியென்றால் குனிந்த தலையை யார் வைத்தது, நான்தானா.

"பிள்ளை, ரீச்சர் சாகிறதுக்கே மூண்டு நாள்தான் எடுத்தவா, நீர் அவவின்ர மரத்துக்கு நாலு நாள் எடுக்கிறீர்," என்று முன்மேசையிலிருந்து முதலாளி கதிர்காமநாதன் குரல் கொடுத்தார். "முடியுது அண்ணை, ஒரு பேர்தான் சரிபாக்கவேணும்." "செத்தாக்கள் வந்து பிழை பிடிக்க மாட்டினம், உயிரோட இருக்கிறாக்களின்ர பேரைச் சரியாப் போடும், அவைதான் வந்து சண்டை பிடிப்பினம்." சிரித்தாள். இந்த அச்சகத்தில் அவள் 'முடியுது அண்ணை' என்பாள், வீட்டில் 'முடியுதுப்பா', இரண்டு வாய், பஸ்ஸில் பல்லவராயன்கட்டு தாண்டியதும் ஒரு வாய் இறங்க மற்றது ஏறும்.

வம்ச மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றது ரீச்சரின் மகள் யூஜினிதான், கனடாவில் இருக்கிறவ. "தங்கச்சி, எங்கட அம்மாவின்ர பூட்டனார் சந்தியாகு உடையார், அந்தக் காலத்து ஊர்த் தலைவர், யாழ்ப்பாணத்தால வந்து காடு வெட்டிக் கோயில் கட்டினவர், அவருக்கு மேலயும் ரெண்டு பேர் கிடைச்சால் நல்லம், பழைய கோயில் பதிவெல்லாம் படமா இருக்கு, அந்தக் கையெழுத்து எங்களுக்கு விளங்கேல்லை, நீர் பாரும்," என்று குரல்பதிவு. யாரென்று தெரியாமல்தான் கேட்டா, அச்சகத்துப் பெட்டை, அவ்வளவுதான். பதிவுப் புத்தகங்கள் இருந்த கோயில் இங்கேயிருந்து முப்பது மைல்கூட இல்லை, கோயிலும் புத்தகமும் யுத்தத்தோடு போய்விட்டன, ஆனால் பழைய சாமிமார் எப்போதோ படியெடுத்து அனுப்பிய புத்தகம் பிரான்சில் ஒரு மடத்து அலுமாரியில் கிடந்து, அங்கே படமாகி, கனடா போய், கனடாவிலிருந்து கிளிநொச்சிக்கு… முப்பது மைல் வர நூற்றைம்பது வருடமும் மூன்று நாடும் பிடித்திருக்கிறது. தலைப்பெல்லாம் லத்தீன், குறிப்பெல்லாம் உபதேசியாரின் தமிழ், புள்ளி வைக்காத தமிழ், மை பரவிய தமிழ். நான்கு நாளாக மதியச் சாப்பாட்டை மேசையிலேயே வைத்துக்கொண்டு வாசித்தாள், ஒரு பக்கத்தில் பார்த்ததை எழுதினாள், மறுபக்கத்தில் சந்தேகத்தை எழுதினாள், சந்தேகப் பக்கம்தான் முதலில் நிரம்பியது.

1867 ஆடி இருபத்தைந்து. ஞானஸ்நானம். ஆண்பிள்ளை, வயது நாலு இருக்கலாம், இட்ட பேர் சந்தியாகு. "மன்னார்க் கரையில் இறங்கிக் கோப்பித் தோட்டத்துக்குப் போன கூலியாட்களின் பிள்ளை. தாய் தகப்பன் வழியில் பேதியில் மாண்டார்கள். தாய் பேர் கேட்க ஆத்தா என்று மாத்திரம் சொல்லுகிறான்." வாசித்த அன்று அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது, சந்தோசம், ஓம், சந்தோசம்தான், அதற்கு வேறு பேர் வைக்க முடியாது. எங்களை இவர்கள் ஏசுகிற அதே தோட்டக்காட்டாரின் பிள்ளை! படலைக்கு வெளியே நின்ற வெள்ளைச் சேலையின் அடியில் இருந்தது இந்தப் பிள்ளை! ஆனால் உடனே மற்றக் குரல், மாலையில் ஆங்கில வகுப்புக்குப் போகிற குரல், அது அவசரப்படாதே என்றது, சந்தியாகு என்று ஊருக்குப் பத்துப் பேர் இருப்பான். தேடினாள். 1886 விவாகப் பதிவில் சந்தியாகு, "இக்கோயிலில் வளர்ந்தவன்", தாய் தகப்பன் இடத்தில் ஒரு கோடு. அவன் மகன் மரியாம்பிள்ளை, மரியாம்பிள்ளையின் மகன் அந்தோனிப்பிள்ளை, அந்தோனிப்பிள்ளையின் மகள் திரேசம்மா. ஒவ்வொரு படியிலும் திகதியைக் கழித்துப் பார்த்தாள், தாயின் பேரை ஒப்பிட்டாள், ஓட்டை எங்கேயாவது இருக்கட்டும் என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டாள். ஓட்டை இல்லை. உடையாரும் இல்லை, யாழ்ப்பாணமும் இல்லை.

அதைவிடப் பெரியது இன்று காலையில் வந்தது. படம் தெளிவில்லை, முதலில் வந்த மெயிலை அப்படியே அனுப்புங்கோ அக்கா என்று இவள் கேட்க, யூஜினி அனுப்பிவிட்டா, கீழே பழைய கடிதங்களும் ஒட்டிக்கொண்டு வந்தன, பார்க்காமலே அனுப்பியிருக்கிறா. 2019 பங்குனி பதினாலு, மகள் தாய்க்கு: அம்மா, இது எங்கட சந்தியாகு உடையாரோ, வாசிச்சுச் சொல்லுங்கோ. பதினாறு, தாய் மகளுக்கு: "பார்த்தேன். இது வேறு சந்தியாகு. இந்த வேலையை விடு." அவ்வளவுதான். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி… விரல் விட்டு எண்ணினாள். மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதாவது அந்த ஞாயிற்றுக்கிழமை படலையில் நின்று மூன்று பேர் கேட்டபோது ரீச்சருக்கு இந்தப் பக்கம் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டார். மூன்று… ரீச்சரின் அப்பா, அவரின் அப்பா, அவரின் அப்பா சந்தியாகு. ஏன் மூன்று, ஏன் நாலு கேட்கவில்லை? நாலு கேட்டால் தனக்கும் வராது. தன்னால் எண்ண முடிந்த அளவு எண்ணி, அந்தக் கோலால் அப்பாவை அளந்திருக்கிறார்! போத்தல் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். அக்கா அதற்குப் பிறகு ஆடைத் தொழிற்சாலையில் சேர்ந்து ஆறு வருடம், வந்த இரண்டு கலியாணத்தையும் வேண்டாம் என்று, காலை ஐந்தரை பஸ்ஸுக்குத் தலையை வாரி இழுத்துக்கொண்டு…

ஆக அந்த வரி அச்சில் வரத்தான் வேண்டும். முதலில் அடித்தது: "கூலிக்காரரின் அநாதைப் பிள்ளை." அடித்துவிட்டுப் பார்த்தாள், பூசை முடிந்து சனம் கல்வெட்டின் கடைசித் தாளைப் புரட்டுவதை, ஒருத்தி மற்றவளின் முழங்கையில் இடிப்பதை, பெனடிக்ற் எழும்பி வெளியே போவதை, ஐந்நூறு பிரதி, கனடாவுக்கு நூறு… இனித்தது. பிறகு அதே வரியை இன்னொரு தரம் வாசித்தாள், இந்த முறை அப்பா வாசிப்பதுபோல. கூலிக்காரர். இதை ஏசலாகத்தானே அடித்திருக்கிறாய்? அழித்தாள். "தோட்டத்துக்குப் போன ஏழைகளின்…" அழித்தாள். அந்தச் சொல் அவர்களைக் குத்த வேண்டுமென்றால் முதலில் எங்களைக் குத்திக்கொண்டுதான் போக வேண்டும், வேறு வழி இல்லையா, எவ்வளவு யோசித்தும் கிடைக்கவில்லை. கடைசியில் உபதேசியார் எழுதியதை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே போட்டாள். மென்பொருள் சந்தியாகுவுக்கு மேலே தானாக இரண்டு பெட்டி போட்டது, தாய்க்கு ஒன்று, தகப்பனுக்கு ஒன்று, அழித்தால் மரம் முழுக்கக் குலைகிறது, ஆகவே அவை வெறுமையாகவே இருக்கட்டும்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்க வந்துவிட்டான். தலைமுடி முன்பக்கம் கொட்டியிருக்கிறது. அக்காவோடு கதைத்த காலத்தில் அவனை 'அத்தான்' என்று பகிடியாகக் கூப்பிட்டிருக்கிறாள், இப்போது எந்தப் பேரும் வைக்காமல் கதிரையை மட்டும் காட்டினாள். "நீர்… கௌசலா எல்லே," என்றான். "ஓம்." "இஞ்சயோ வேலை?" "மூண்டு வருசம்." தன் கை எந்தப் பிரதிக்குப் போகும் என்று அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள், வரி உள்ளதற்குத்தான் போனது. அவன் எல்லோரையும்போலக் கீழேயிருந்து வாசித்தான், தன் பேர், யூஜினி பேர், மேலே, மேலே, பிறகு நின்றான். ஹெல்மெற்றை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தான்.

"இது ஆர் சொன்னது?"

"கோயில் பதிவு. படம் இருக்கு, காட்டட்டோ."

"அம்மாவுக்கு இது தெரிஞ்சிருந்தா…"

"ரீச்சருக்குத் தெரியும்," என்றாள், மெயிலை அச்செடுத்து மேசை லாச்சிக்குள் வைத்திருந்தாள், அதை எடுத்து அவன் முன்னால் வைத்தாள், திகதியில் விரலை வைத்தாள். "எங்கட வீட்டுப் படலைக்கு வந்தது ஆனி ஒன்பது. இது பங்குனி." அவன் வாசித்து முடிக்கும்வரை பொறுக்க வேண்டும், பொறுக்கவில்லை, ஆறு வருடம் வாய்க்குள் கிடந்தது தானாக வந்தது. "மேல ரெண்டு பெட்டி வெறுமையாக் கிடக்கு. பேர் சொல்லுங்கோ, போட்டுவிடுறன்."

அவன் திரையைப் பார்த்தான், பெட்டிகளைப் பார்த்தான். "தெரியாது," என்றான். சொல்லிவிட்டு வலது உள்ளங்கையைக் காற்சட்டையில் துடைத்தான், மெல்ல, இரண்டு தரம், அழுக்கு ஒன்றும் இல்லாத கை. இதைத்தானே, இதைத்தானே பார்க்க வேண்டும் என்று… பார்த்துவிட்டாள். கிடைத்துவிட்டது. அடுத்தது என்ன வரவேண்டும், ஏதோ வரவேண்டுமே.

"அப்பிடியே போடும்," என்றான் அவன்.

"உடையார் எண்டு போட்ட பிரதியும் இருக்கு," என்று ஏன் சொன்னாள்? வாய் சொல்லிவிட்டது.

"வேண்டாம். இதையே போடும்." கையெழுத்துப் போட்டான், திகதி போட்டான், எழும்பினான். அது வெட்கமா, களைப்பா, அல்லது தாயோடு இவனும் ஒரு கணக்கைத் தீர்க்கிறானா, முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வாசலில் திரும்பினான். "அக்கா…" "வேலைக்குப் போறா," என்று அவள் கதவைச் சாத்துவதுபோலச் சொன்னாள், அவன் தலையாட்டிக்கொண்டு போனான், ஹெல்மெற்றை மறந்துவிட்டு, பிறகு அதை எடுக்கத் திரும்பி வந்து, அவளைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு.

கதிர்காமநாதன் வந்து தாளை வாங்கிப் பார்த்தார். "உடையாரைக் காணேல்லை?" "மகன் கையெழுத்துப் போட்டிட்டார் அண்ணை." "அப்ப சரி, எங்களுக்கென்ன," என்று உள்ளே கொண்டுபோனார், சற்று நேரத்தில் அச்சுப் பொறி ஓடத் தொடங்கியது, மேசை நடுங்கியது. ஐந்தரைக்கு ஆங்கில வகுப்பு, ஒவ்வொரு நாளும் ஐந்து வசனத்தில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டு போகவேண்டும், கொப்பியை விரித்தாள். இன்று நான் ஒரு வேலையை முடித்தேன். இன்று நான் ஒருவரிடம் கேள்வி கேட்டேன். அவருக்கு விடை தெரியவில்லை. நான் சந்தோசப்பட்டேன்… சந்தோசப்பட்டேனா, நாலாவதை வெட்டலாமா, இருக்கட்டும். சந்தியாகு, மரியாம்பிள்ளை, அந்தோனிப்பிள்ளை, திரேசம்மா, பெனடிக்ற். கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வருகிறது, பிறந்த திகதியோடு வருகிறது. இப்போது யாராவது படலையில் வந்து நின்று உன் பேர்களைச் சொல் என்றால்? அப்பா, முத்துக்கருப்பன், ராக்கன்… ராக்கனின் தாய்? முத்துக்கருப்பனைப் பெத்தவள்? ரீச்சர் ஆம்பிளைகளைக் கேட்டதாக அப்பா எடுத்துக்கொண்டார், கேட்டதற்குத் தெரிந்ததைச் சொன்னார், அதற்கு அப்பால் அவருக்கு வேறு என்ன தெரியும்? எந்தக் கரையில் இறங்கினார்கள், யார் யாரை வழியில் விட்டார்கள், ஏதாவது ஒரு கதை, ஒரு பேர், ஒரு ஆத்தா… அவளுக்குத் தெரியாது. பிரான்சில் இருந்த புத்தகத்தை நாலு நாள் இருந்து வாசித்தவள், ஆறு வருடத்தில், ஒரே வீட்டில், ஒரு தரம்கூட அப்பாவிடம் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? நோகும் என்றா? அல்லது அன்றைக்குக் கதவுக்குப் பின்னால் நின்றபோதே, ரீச்சர் தலையை ஆட்டியபோதே, அதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று அவளும் ரீச்சரை நம்பிவிட்டாளா… பேனை ஐந்தாவது வசனத்தில் நின்றது, உள்ளே பொறி ஒவ்வொரு தாளாகத் தள்ளிக்கொண்டிருந்தது.