முதுகுக்குப் பின்னால் ஒரு கை

தன் காலரில் மைக் மாட்டிவிட்ட பெண்ணின் விரல்களையே டீச்சர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து இருக்கையில் தனக்கென்று தனி பிரேக் வைத்துக்கொண்டு, எவன் எப்போது கவிழ்ப்பானோ என்று பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறவளுக்கு யாரை நம்பத் தோன்றும்? அவளுடைய பழைய வாலிபால் அணியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கிறோம் என்று வந்தவர்களிடம் முதலில் அடையாள அட்டை கேட்டாள். காட்டினார்கள். அசல்தானா என்று கேட்டாள்.

"கேப்டனும் பேசறாளாமே?"

"இன்னைக்கு வர்றாங்க மேடம். உங்களுக்கு அப்புறம்."

"வருவா. நல்லாப் பேசுவா. அவ பேச்சுதானே எங்க டீம் நெட்டையோட குடியைக் கெடுத்துச்சு."

உள்நாட்டுச் சண்டை முற்றியிருந்த வருஷம் அது. அரையிறுதி ஆட்டத்தின் இடைவேளையில் சீருடைக்காரர்கள் மைதானத்துக்கு வந்தார்கள். கேப்டன் அவர்கள் மொழிக்காரி. வாசல்வரை போய் அவர்களோடு பேசினாள். பேசியதோடு சிரிக்கவும் செய்தாள். கொஞ்ச நேரத்தில் நெட்டையை இழுத்துக்கொண்டு போனார்கள். நெட்டையின் அண்ணன் எதிர்த்தரப்பில் சேர்ந்துவிட்டான் என்பது அணிக்குள் மட்டும் தெரிந்த சங்கதி. நாலு வருஷம் கழித்து நெட்டை நொண்டிக்கொண்டு வெளியே வந்தாள். காட்டிக்கொடுத்தது கேப்டன்தான், வேறு யார்? அன்றிலிருந்து டீச்சர் அவள் போனை எடுத்ததில்லை. அவள் கல்யாணத்துக்குப் போகவில்லை. கடைத்தெருவில் எதிரே வந்தால் மறுபக்கம் கடந்துவிடுவாள்.

"அன்னைக்கு யாரோ படிக்கட்டுல இருந்து எடுத்த வீடியோ கிடைச்சிருக்கு. ஒண்ணு மட்டும் புரியல. பாத்துச் சொல்றீங்களா?" என்று அந்தப் பெண் மடிக்கணினியைத் திருப்பினாள்.

வாசலில் பக்கவாட்டாகக் கேப்டன். அதே சிரிப்பு. டீச்சரின் பல் நறநறத்தது. பிறகுதான் கையைப் பார்த்தாள். இடுப்புக்குப் பின்னால், மூடிய முஷ்டி, நீட்டிய சுண்டுவிரல். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

நெட்டைக்குத் தூரப்பார்வை சரியில்லை. தேர்வுக்குழுவுக்குத் தெரிந்தால் போச்சு. வெயில் கண்ணில் அடித்தால் பந்து தெரியாது. ஆனாலும் வீம்புக்காரி, வெளியே வர மாட்டாள். அதற்காகக் கேப்டனும் டீச்சரும் வைத்துக்கொண்ட சைகை அது. சுண்டுவிரல் நீண்டால், நெட்டையை உடனே வெளியே கூட்டிக்கொண்டு போ. வேறு யாருக்கும் தெரியாது.

திரையின் ஓரத்தில் நெட்டை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஐந்தே அடியில் பின்வாசல் திறந்து கிடந்தது. பக்கத்தில் டீச்சர், அப்போதே சந்தேகக்காரி, கேப்டனின் முகத்தையே முறைத்துக்கொண்டு நின்றாள். கையைப் பார்க்கவே இல்லை.

அட பாவி, பார்த்திருக்கலாமே.

"அந்த விரல் என்ன மேடம்?"

"அவகிட்ட கேட்டீங்களா?"

"போன வாரமே காட்டினோம். கை மரத்துப்போச்சு, உதறினேன்னு சொன்னாங்க."

இருபத்திரண்டு வருஷம். 'நான் காட்டினேன், நீ பார்க்கல' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பழி முழுக்க டீச்சர் தலையில் விழுந்திருக்கும். அவள் சொல்லவில்லை. இதிலும் ஏதாவது உள்நோக்கம் இருக்குமோ என்று மனம் பழக்கதோஷத்தில் தேடியது. ஒன்றும் அகப்படவில்லை. அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. ஆமாம், மரத்துத்தான் போயிருக்கும் என்று சொல்லிவிட்டு எழுந்தால் யாருக்குத் தெரியப்போகிறது?

வெளியே கார் கதவு சாத்தும் சத்தம். "உள்ள வரலாமா?" என்று பழகிய குரல் கேட்டது. டீச்சரின் வலது கால், பிரேக்கை மிதிப்பதுபோல், தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

"கேமரா ஓடுதா?"

"ஓடுது மேடம்."

எழுந்தாள். கேமராவுக்கு முதுகைக் காட்டி, வாசலைப் பார்த்து நின்றாள். வலது கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் முஷ்டியை மூடினாள். சுண்டுவிரலை நீட்டினாள். "இது எனக்குக் காட்டினது, நான்தான் பார்க்கல" என்றாள்.