பிப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவே

வேங்கடசுப்ரமணியன் மூன்றாவது வரியை வாசித்தபோது மன்சூர் அலி தோல் சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"நில்லுங்க சார். அந்த வரிய இன்னொருக்கப் படிங்க."

வேங்கடசுப்ரமணியன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். மாட்டுங்காக்காரர். ரயில்வே ஆபீஸில் ஹெட் கிளார்க். அங்குள்ள தமிழர் சமிதி ஒன்றின் காரியதரிசி. உயிர்விட்ட சிப்பாய்களின் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை சமிதி நடத்தும் பாராட்டு விழாவில் வாசிக்கவேண்டிய தாள் அவர் கையில் இருந்தது. தாராவிக்குள் அவர் வருவது இதுதான் முதல் தடவை. வரும் வழியில் சாக்கடையைத் தாண்டும்போது வேட்டி நனைந்திருந்தது. மன்சூர் அலியின் பட்டறையில் பசைச் சொலூஷன் வாடை கண்ணைக் கரித்தது. பாதி தைத்த தோல் பெட்டிகளுக்கு நடுவே, தனக்காகத் துடைத்துப் போட்ட முக்காலியில் உட்கார்ந்து, தாளைச் சற்றுத் தள்ளிப் பிடித்து மறுபடியும் வாசித்தார்.

"காஷ்மீர் எல்லையில் பகைவரோடு தீரமாகப் போரிட்டு வீரமரணம் எய்திய சிப்பாய் முகமது சிராஜ் அவர்களின் தந்தையார்..."

"எம்மவன் காஷ்மீர்ல மவுத்தாவல சார். ரயில்ல போயிட்டான். அஸ்ஸாம்ல. ஒங்களுக்குத் தெரியுமே."

"தெரியும் பாய்." அவர் தாளை மடித்தார். "நான் எழுதினது வேற. ரயில்னுதான் எழுதியிருந்தேன். கட்சிக்கார ஜகந்நாதன் மாத்தச் சொல்லிட்டார். மந்திரி வர்ற விழாவாச்சே, ரயில்ல குண்டு வெடிச்சு செத்தார்னு வாசிச்சா நன்னா இருக்காதுன்னு அபிப்ராயப்படறா."

"யாருக்கு நல்லா இருக்காது?"

வேங்கடசுப்ரமணியன் மடித்த தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உள்ளறைத் திரைக்குப் பின்னால் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த சைனபின் குரல் சட்டென்று நின்றது மட்டும் இருவருக்கும் கேட்டது.

சைனப் சிராஜின் மனைவி. கல்யாணமாகி மூன்று வருடத்தில் கணவனோடு அவள் இருந்தது எல்லாம் சேர்த்து நாலு மாதம். அறுபத்தைந்து யுத்தத்தில் சிராஜ் பஞ்சாப் எல்லையில் இருந்தான். பாலம் போடுகிற, கண்ணிவெடி எடுக்கிற படைப்பிரிவு. தினம் ரேடியோ முன்னால் உட்கார்ந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். யுத்தம் முடிந்து ஒரு கீறல் இல்லாமல் மீண்டான். பிறகு அஸ்ஸாம் பக்கம் மாற்றினார்கள். ஜனவரியில் மகள் பிறந்தாள். ஏப்ரலில் லீவு கிடைத்து, குழந்தையைப் பார்க்கக் கிளம்பினான். அவன் ஏறிய பெட்டியில், பெஞ்சுக்கு அடியில் யாரோ வைத்துவிட்டுப் போன மூட்டை ஒரு ஸ்டேஷனில் வெடித்தது. கலகக்காரர்கள் வேலை என்று பேப்பரில் வந்தது. உடல் வரவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டதாகத் தந்தி வந்தது. கண்ணிவெடிகளைக் கையால் தோண்டி எடுத்தவனைத் துணிமூட்டை ஒன்று கொன்றது என்பதை மன்சூர் அலியால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

கணவன் இறந்தபின் இத்தா இருந்த நாலு மாதம் பத்து நாளும் சைனப் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மேலப்பாளையத்தில் எட்டாவது வரை படித்தவள். பட்டறையில் பெட்டிகளுக்குள் அடைப்பதற்கென்று எடைக்கு வாங்கிப் போட்டிருந்த பழைய தமிழ்ப் பேப்பர்களை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். ஒருநாள் பிப்ரவரி மாதத்துப் பேப்பர் ஒன்றைக் கொண்டுவந்து மாமனார் முன்னால் விரித்தாள்.

"மாமா, இதப் பாருங்க. அதே ஊருப் பக்கம். அதே மாதிரி ரயில்ல குண்டு. பிப்ரவரிலேயே ஒருக்க வெடிச்சிருக்கு. அதுக்கப்புறம் ரெண்டு மாசமா ஒருத்தருமா பெஞ்சுக்கு அடியில குனிஞ்சி பாக்கல?"

மன்சூர் அலிக்கு எழுத்து வராது. ஆனால் பிப்ரவரி என்பதும் ஏப்ரல் என்பதும் தெரியும். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அல்லா எடுத்துக்கொண்டான் என்று சொல்லி நெஞ்சை ஆற்றிவைத்திருந்தவருக்கு, அல்லாவுக்கும் தன் மகனுக்கும் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மனிதர்கள் முதல் தடவையாகக் கண்ணுக்குத் தெரிந்தார்கள். சைனப் எழுத, அவர் கைநாட்டு வைத்து டில்லிக்கு மூன்று கடிதம் போனது. முதலாவதற்கு, தங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்தது. இரண்டாவதற்கும் அதே வரிதான், தேதி மட்டும் வேறு. மூன்றாவதற்கு ஒன்றும் வரவில்லை.

இப்போது தேர்தல் வருகிறது. மூன்றாவது கடிதத்துக்குப் பதிலாக ஒரு சால்வை வருகிறது.

மறுநாள் காலை ஜகந்நாதனே வந்தார். கட்சிக்காரர், செம்பூரில் வீடு. முக்காலியில் உட்காராமல் வாசலிலேயே நின்று பேசினார்.

"பாய், ரயில்னு சொன்னா அது விபத்து மாதிரி ஆயிடுது. காஷ்மீர்னு சொன்னாத்தான் தியாகம். சிராஜுக்குப் பெருமை வேணாமா?"

"அவன் அங்க போகவே இல்லியே."

"யாரு போய்ப் பார்க்கப்போறாங்க?" குரலைத் தாழ்த்தினார். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். உங்க ஆளுங்க வீட்டுப் பையன் பாகிஸ்தானை எதிர்த்துச் செத்தான்னு மந்திரி வாயால சொல்லட்டும். அப்புறம் எவனாவது இந்தத் தெருவுல வந்து பேர் எழுதிக்கிட்டுப் போவானா?"

மன்சூர் அலியின் கை தோலின் மேல் அசையாமல் இருந்தது. யுத்த சமயத்தில் இந்தச் சந்தில் போலீஸ் வந்து வீடுவீடாகப் பேர் எழுதியது. பாகிஸ்தானில் சொந்தக்காரர் உண்டா, ரேடியோ உண்டா, யார் யாருக்குக் கடிதம் போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். மறுநாள் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். சிராஜ் யூனிபார்மில் நிற்கிற படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெயிலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றார். படத்தைக் காட்டியதும் இன்ஸ்பெக்டர் சிரித்து டீ வாங்கிக் கொடுத்தார். அந்த டீயைக் குடித்த அவமானம் இன்னும் அவருடைய தொண்டையில் இருந்தது. மற்றவர்கள் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சரி, வாரேன்" என்று மட்டும் சொன்னார். ஜகந்நாதன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சைனப் திரையை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"சம்மதம்னு சொல்லிட்டியளா மாமா?"

"வேற என்ன சொல்லச் சொல்லுத? தெருவுல நாப்பது குடும்பம் இருக்கு."

"காஷ்மீர்ல போனாவொன்னா பாகிஸ்தான்காரன் கொன்னான்னு ஆயிரும். அதோட பேச்சு முடிஞ்சிது. இவங்க ஒருத்தரும் ஒண்ணுக்கும் பதில் சொல்ல வேண்டாம். ரயில்ல போனாவொன்னு இருந்தாத்தானே நம்ம கேக்க முடியும்?"

"கேட்டோமே! மூணு கடுதாசி போட்டோமே! என்னத்தச் சொன்னான்?" என்று மன்சூர் அலி கத்தினார். பக்கத்துப் பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றது. மருமகளிடம் அவர் குரல் உயர்த்தியது இதுவே முதல் முறை. அவளுடைய பேச்சில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

சைனப் அழவில்லை. "சொல்லாட்டிப் போவட்டும். இந்தப் புள்ள வளந்து, எங்க வாப்பா எங்க மவுத்தானாவொன்னு கேட்டா, நான் என்னத்தச் சொல்ல? மந்திரி சொன்னதையா, நடந்ததையா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு மாட்டுங்கா மைதானம் நிறைந்திருந்தது. ஜனவரி வெயில் இளசாக இருந்தது. காகிதத் தோரணங்கள், வாழைமரம், வாடகை நாற்காலிகள், ஒலிபெருக்கி. பெண்களுக்கு இடதுபுறம் தனி இடம். பட்டுப்புடவைகளுக்குப் பின்னால், கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் சைனப் முக்காடிட்டு, குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மேடையில் ஆறு குடும்பத்துக்கு ஆறு நாற்காலி. மன்சூர் அலிக்கு ஐந்தாவது. ஆறாவதில் ஆறுமுகத்தாய் என்ற, தாராவியின் மறுகோடியில் இருக்கிற பெண். பஞ்சாபில் இறந்துபோன ஒரு ஹவில்தாரின் மனைவி. மந்திரி வெள்ளைக் குல்லாயோடு நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு பேருக்கும் ஒரே அளவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தமிழ் அவருக்குத் தெரியாது.

வேங்கடசுப்ரமணியன்தான் பாராட்டுரைகளை வாசித்தார். ஐந்தாவதாகச் சிராஜின் தாள் வந்தது. மூன்றாவது வரியில் ஒரு கணம் நின்றார். பிறகு, "வீரமரணம் எய்திய சிப்பாய் முகமது சிராஜ்" என்று மட்டும் வாசித்தார். காஷ்மீரையும் சொல்லவில்லை, ரயிலையும் சொல்லவில்லை. அவரால் முடிந்தது அவ்வளவுதான். வாசித்து முடித்து மன்சூர் அலியின் பக்கம் பார்க்காமல் நகர்ந்து நின்றார்.

ஜகந்நாதன் எழுந்துவந்து மைக்கைப் பிடித்தார். "பெரியோர்களே! காஷ்மீரத்துப் பனியிலே, பாகிஸ்தான் படையை நெஞ்சு நிமிர்த்தி எதிர்த்து, குண்டை மார்பிலே வாங்கிய நம்ம தாராவி முஸ்லிம் வாலிபன் சிராஜ்!"

கைதட்டல் எழுந்தது. மந்திரி சால்வையோடு எழுந்தார். மன்சூர் அலியும் எழுந்தார். சால்வை தோளில் விழுந்தது. போட்டோ எடுத்தார்கள். கைதட்டல் அடங்கவில்லை. இவ்வளவு கையும் தன் மகனுக்காகத் தட்டவில்லை, பனியில் செத்த யாரோ ஒருவனுக்காகத் தட்டுகிறது என்று அவருக்குத் தோன்றியது. சிராஜ் இரண்டாவது தடவையாகச் செத்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அவர் கண் முன்னாலேயே, அவர் சால்வை போர்த்திக்கொண்டு நிற்கும்போதே.

அவர் மைக்கை நோக்கி இரண்டு அடி வைத்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று ஜகந்நாதன் சிரித்துக்கொண்டே விலகினார்.

"எம்மவன் காஷ்மீர்ல மவுத்தாவல" என்றார் மன்சூர் அலி. ஒலிபெருக்கியில் தன் குரலைக் கேட்டு அவரே ஒரு கணம் திடுக்கிட்டார். "ரயில்ல. லீவுல வரும்போது. ஏப்ரல் மாசம். பெஞ்சுக்கு அடியில எவனோ குண்டு வச்சிருந்தான். அதே ஊருப் பக்கம் பிப்ரவரி மாசமே ஒரு வண்டி வெடிச்சிருக்கு. இது எல்லாருக்கும் தெரியும். இந்தா நிக்காவோளே, இவங்களுக்கும் தெரியும்."

மந்திரி ஜகந்நாதன் பக்கம் சாய்ந்து என்னவென்று கேட்டார். தங்களுக்கு நன்றி சொல்கிறார் என்று ஜகந்நாதன் இந்தியில் சொன்னது மன்சூர் அலியின் காதில் விழுந்தது. முப்பது வருடம் தாராவியில் தோல் விற்றவருக்கு இந்தி புரியும். மந்திரியின் பக்கம் திரும்பினார்.

"நஹீ சாப். ஷுக்ரியா நஹீ போலா. பூச்தா ஹூம்." நன்றி சொல்லவில்லை, கேட்கிறேன் என்று ஆரம்பித்து, அதே தாராவி இந்தியில் மேலே கேட்டார். பிப்ரவரியில் வெடித்தது. ஏப்ரல்வரைக்கும் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒரு பெட்டியைச் சோதனை போட ஒரு போலீஸ்காரன் இல்லையா? என் வீட்டில் ரேடியோ இருக்கிறதா என்று பார்க்க நாலு போலீஸ்காரன் வந்தானே?

மந்திரியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. விசாரணை நடக்கிறது, அரசாங்கம் கவனித்துக்கொண்டிருக்கிறது, உங்கள் தியாகத்தை நாடு மறக்காது என்றார்.

"யாரை விசாரிக்கிறீங்க? எந்த ஆபீஸரு? பேரச் சொல்லுங்க சாப்."

மைக் செத்தது. யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். மன்சூர் அலி வெறுங்குரலில் கேட்டார். "பேரச் சொல்லுங்க!" முன்வரிசையில் ஒருவர், "உக்காருங்க பாய், விழாவைக் கெடுக்காதீங்க" என்றார். ஜகந்நாதன் மன்சூர் அலியின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். அப்போது ஆறாவது நாற்காலியில் இருந்த ஆறுமுகத்தாய், அதுவரை தலையைக் குனிந்தே இருந்தவள், நிமிர்ந்து, "கைய எடும்வே. அவரு கேக்கதுக்குப் பதில் சொல்லச் சொல்லும்" என்றாள். ஜகந்நாதனின் கை தானாக விலகியது.

அவர் மேடைக்குப் பின்னால் பார்த்து ஏதோ சைகை செய்தார். ஒலிபெருக்கி மறுபடி உயிர்பெற்றது. நிகழ்ச்சி நிரலில் இன்னும் மூன்று பேச்சுகள் பாக்கியிருக்க, தேசிய கீதத்தின் இசைத்தட்டு கரகரவென்று சுழல ஆரம்பித்தது.

மைதானம் முழுக்க எழுந்து நின்றது. மன்சூர் அலி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். இப்போது அவருடைய முதுகும் நிமிர்ந்தது, கைகள் பக்கவாட்டில் விறைத்தன. அவர் சொல்லாமலே உடம்பு அதைச் செய்தது. அது அவர் மகனுடைய பாட்டு. ஐந்து வருடம் தினமும் காலையில் அவன் அதற்கு முன்னால் நின்றிருக்கிறான். அதைக்கொண்டே வாயை அடைத்துவிட்டார்கள். இந்தப் பாட்டு ஓடும்போது அவர் வாயைத் திறக்கமாட்டார் என்பது ஜகந்நாதனுக்குத் தெரியும். மன்சூர் அலி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கண்ணில் நீர் கோத்தது. அது துக்கமில்லை என்று அவருக்கு மட்டும் தெரியும். பக்கத்தில் வேங்கடசுப்ரமணியன் நேராக நின்றுகொண்டிருந்தார்.

பாட்டு முடிந்தது. மந்திரி எல்லாப் பக்கமும் கும்பிட்டுவிட்டு மேடைப் படிகளை நோக்கித் திரும்பினார். கீழே அவருடைய காரின் எஞ்சின் ஓட ஆரம்பித்திருந்தது. ஜனங்கள் உட்காருவதா போவதா என்று தெரியாமல் நின்றார்கள்.

அப்போதுதான் மன்சூர் அலி அவளைப் பார்த்தார். பெண்கள் பக்கத்தில், கடைசி வரிசைக்கு முந்தின வரிசையிலிருந்து சைனப் வந்துகொண்டிருந்தாள். முக்காடு தோளில் விழுந்திருந்தது. அவள் அதை எடுத்துப் போடவில்லை. இடுப்பில் குழந்தை. நாற்காலிகளுக்கு நடுவே வழி இல்லை. அவள் யாரையும் விலகச் சொல்லவில்லை. ஆனால் பட்டுப்புடவைகள் ஒவ்வொன்றாக ஒதுங்கின, முழங்கால்கள் பின்னுக்குப் போயின, யாரோ ஒரு நாற்காலியை மடக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். மந்திரி முதல் படியில் காலை வைத்தபோது அவள் கடைசிப் படிக்கு எதிரே வந்து நின்றிருந்தாள்.