மாயவன் காட்டிய இடம்

பஸ் வந்து நிற்கிறது. சுகாந்தி ஏற மாட்டேன் என்கிறாள்.

ஒடிசாவுக்கு ரயில் திருச்சியிலிருந்து. பெரம்பலூரில்தான் தண்டவாளமே கிடையாதே. கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து சாமிதுரை அண்ணன் அங்கே போக இந்த பஸ்ஸுக்கு அனுமதி வாங்கியிருந்தார். சுகாந்தியும் கூட இருக்கும் ஒடிசாக்காரர்களும் அரியலூர்ப் பக்கம் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர்கள். ஊரடங்கு என்றதும் முதலாளி கேட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட, பிள்ளைகுட்டிகளோடு நடந்தே திருச்சி ரோட்டுக்கு வந்தார்கள். கல்யாண மண்டபத்தில் தங்கவைத்துச் சோறு போட்டது அண்ணன் நடத்தும் எங்கள் அறக்கட்டளை. பெரிய மனசுக்காரர், அதில் சந்தேகமே இல்லை. சோற்றுப் பொட்டலம் வாங்கும்போது எல்லோரும் சேர்ந்து "நன்றி" சொல்லும்படி பழக்கி, அதை வீடியோ எடுத்து நன்கொடை கொடுத்தவர்களுக்கு அனுப்புவார். எனக்கு அதைப் பார்த்தால் மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

"என்னவாம் அம்சவல்லி அந்தப் பொண்ணுக்கு? இந்த ரயில விட்டா அடுத்தது எப்பன்னு யாருக்குத் தெரியும்?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

சூளை மேஸ்திரிக்குக் கொஞ்சம் தமிழ் வரும். "புள்ளையப் பொதச்ச எடத்தப் பாக்காம வராதாம் சார்."



சுகாந்தியின் பெண் குழந்தை பால்குடி மறக்காதது. வயிற்றுப்போக்கில் ஆஸ்பத்திரியில் அவள் மடியிலேயே போனது. புருஷனைக் காய்ச்சல் வார்டில் அடைத்து வைத்திருந்த நேரம் அது. எங்கள் ஆம்புலன்ஸ் டிரைவர் மாயவன்தான் அனாதைப் பிணங்களையும் அடக்கம் செய்கிறவன். அவனும் அண்ணனுமாகப் பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டார்கள். எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைகளைப் புதைப்பதுதான் வழக்கம்; பொம்பளைகள் அங்கே போவதில்லை. அதனால் அவளை மண்டபத்தில் இறக்கிவிட்டு, பொழுது சாய்வதற்குள் ஏரிக்கரையில் புதைத்துவிட்டு வந்தார்கள். பெற்றவளை அங்கே அழவிடக் கூடாதாம். நல்லெண்ணத்துக்கு எங்களிடம் என்றைக்குமே குறைச்சலில்லை. புதைக்கப் போகிறோம் என்று அவளிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடைசியாக முகம் பார்க்கப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள் என்று மண்டப வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை நனைந்துகொண்டே இருந்தது.

அதற்கப்புறம் அவள் கேட்ட போதெல்லாம், "ஊருக்குப் போற அன்னைக்குக் காட்டுறோம்னு சொல்லு" என்று மேஸ்திரியிடம் தட்டிக்கழித்தார் அண்ணன். இன்றைக்குத்தான் அந்த நாள்.

"நான் கூட்டிட்டுப் போயிட்டு வரேன்" என்றேன்.

"பொம்பளைங்க போற எடமா அது?"

"பெத்தவ போகக்கூடாத எடம் ஒண்ணு இருக்காண்ணே? நாங்க வர்ற வரைக்கும் பஸ்ஸ நிறுத்தி வைங்க."

சுகாந்தியை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். மாயவன் முன்னால் பைக்கில் போனான். ஏரியைப் பார்த்ததும் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டேன். தூர்வாருகிறார்கள். பொக்லைன் அள்ளிய மண்ணைக் கரை நெடுகக் கொட்டி மட்டம் செய்திருந்தார்கள். மேடுமில்லை, பள்ளமுமில்லை.

மாயவன் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "அக்கா, எடம் தெரியலக்கா. ஒரு வேம்புக்குப் பக்கத்துல வெச்சோம். வேம்பையே காணோம். மண்ணோட மண்ணா அள்ளிட்டாங்களோ என்னவோ."

சுகாந்திக்குத் தமிழ் தெரியாது. ஆனால் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். 

மாயவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தெரிந்த வீட்டுக்குப் போகிறவன் மாதிரி விறுவிறுவென்று நடந்து, ஓரிடத்தில் நின்று செருப்பைக் கழற்றினான். "இங்கதாம்மா" என்று கையைக் காட்டினான்.

அவள் மண்டியிட்டு அந்த மண்ணைத் தடவினாள். பிறகு தன் தலையைத் தொட்டுக் காட்டி அவனை நிமிர்ந்து பார்த்தாள். தலைமாடு எந்தப் பக்கம் என்று கேட்கிறாள். மாயவன் யோசிக்கவே இல்லை, தெற்கே காட்டினான். எல்லோரையும் போல இந்தப் பிள்ளையையும் தெற்கே தலைவைத்துத்தான் புதைத்திருந்தான். அங்கே அவன் சொன்னதில் அது ஒன்றுதான் நிஜம்.

தெற்குப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி ரவிக்கையை அவிழ்த்தாள். அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. எங்கள் ஊரில் செத்தவர்களுக்குப் பால் தெளிப்போம், பாக்கெட் பால். இந்தப் பிள்ளைக்கு அதைக்கூட நாங்கள் யாரும் செய்யவில்லை. அவள் தன் பாலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள், வாய் ஏதோ முணுமுணுத்தபடி. காய்ந்த மண் உடனுக்குடன் உறிஞ்சிக்கொண்டது. எனக்கு அழுகை தாங்கவில்லை. மாயவன் ஏரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

திரும்பி வந்தபோது பஸ் உறுமிக்கொண்டிருந்தது. புருஷன் மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான்.

"பாத்துட்டாளா? நல்லதாப் போச்சு" என்றார் அண்ணன். நிஜமாகவே அவர் கண் கலங்கியிருந்தது.

படியில் கால் வைத்தவள் இறங்கி வந்து, மண் ஒட்டியிருந்த கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நன்றி" என்றாள். அண்ணன் பழக்கிவிட்ட அதே சொல், அதே ராகத்தில்.