பால்ச்சாமி செலக்ட் ஆனார்

“‘சர்வதேச ஆராய்ச்சிக்குத் தேர்வு செய்யப்பட்ட’... இத மச்சான் பேருக்கு மேல பெருசாப் போடுப்பா!” என்று அருப்புக்கோட்டை ஃப்ளெக்ஸ் கடைக்காரனிடம் போனில் கத்திக்கொண்டிருந்தார் பால்ச்சாமியின் மைத்துனர் நவநீதகிருஷ்ணன்.

வாசல் பந்தலில், குளிர்பெட்டிக்குள் பால்ச்சாமி. பரளச்சியில் முப்பது வருஷம் மிளகாய் விவசாயம் செய்தவர். அதுவரை எதற்கும் தேர்வானவரில்லை. வார்டு மெம்பருக்கு நின்றபோது பதினோரு ஓட்டு விழுந்தது. அதிலும் ஒன்று செல்லாத ஓட்டு.

இந்தத் ‘தேர்வு’ மகன் சுந்தரபாண்டியின் கைங்கரியம். “நுரையீரல்ல கேன்சர் முத்திருச்சு. ஒரு சர்வதேச ஆராய்ச்சியில ரெண்டு புது மருந்தைச் சேத்துக் கொடுத்துப் பாக்குறோம். கேக்கலாம், கேக்காமலும் போகலாம்” என்றுதான் மதுரை டாக்டர் சொன்னார். ஊருக்கு வந்து பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் மகன் அதைச் சுருக்கிவிட்டான்: “அப்பா செலக்ட் ஆயிட்டாக!” டீக்கடையில் கைகுலுக்கினார்கள். ஒருவர் எத்தனை மார்க்கு என்று விசாரித்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு நோட்டுக் கொடுத்திருந்தார்கள். காய்ச்சல், பேதி, மூச்சுத்திணறல் என்று தினமும் உண்டு, இல்லை டிக் போட்டு, பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். அந்த மருந்தே நுரையீரலைப் புண்ணாக்கக்கூடும், திணறல் வந்தால் உடனே போன் செய்யுங்கள் என்று நர்ஸ் சுகந்தி இரண்டு தடவை சொல்லியிருந்தாள்.

போன செவ்வாய்க்கிழமை கக்கூஸிலிருந்து திரும்பிய அப்பா, மூச்சு வாங்க, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“ஏப்பா, இதையும் எழுதணுமோ?”

“எழுதுனா மருந்த நிப்பாட்டிருவாக. சும்மா இருங்க.”

“அப்ப வேணாம்ப்பா. பெயிலாப் போயிட்டான்னு சிரிப்பாய்ங்க.”

சுந்தரபாண்டி ‘இல்லை’யில் டிக் போட்டான். அடுத்த மூன்று நாளும் போட்டான். வாத்தியார் கை டிக் மாதிரி அழகாக இருந்தது.

இப்போது அவன் போன் அடித்தது. சுகந்தி.

“காலைல தகவல் சொன்னீங்க சார், ரொம்பக் கஷ்டமா இருக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நோட்டுல திணறல் ‘இல்லை’ன்னே இருக்கு. கடைசி வரைக்குமா வரல? இதே மருந்துல இன்னும் பதினாலு பேர் இருக்காங்க, அதான்.”

“ஆஸ்பத்திரியா? பெரிய டாக்டரு மாலை போட வாராகளான்னு கேளு மாப்ள!” என்றார் மாமா நவநீதகிருஷ்ணன்.

சுந்தரபாண்டி வீட்டின் பக்கவாட்டுக்கு நகர்ந்தான். ‘வரவில்லை’ என்று சொல்லிவிட்டால் இத்தோடு முடிந்துவிடும். ஊருக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது.

“இருந்துச்சு மேடம். நான்தான் மாத்திப் போட்டேன்.”

“எப்ப இருந்து?”

“செவ்வாக்கெழம.”

“திங்கக்கெழம” என்றாள் பின்னால் நின்றிருந்த அம்மா முத்துத்தாய்.

அவன் திரும்பவில்லை. “திங்கக்கெழம” என்று போனில் திருத்திச் சொன்னான்.

பந்தல் நிழல் விலகிப் பெட்டியின் மேல் வெயில் விழத் தொடங்கியிருந்தது. அம்மா அங்கே போய், “யாராச்சும் ஒரு கை பிடிங்கப்பா, பெட்டிய நெழலுக்குத் தள்ளணும்” என்றாள்.

சுந்தரபாண்டி ஓடிப்போய் ஒரு முனையைப் பிடித்தான்.

“நீ விடுய்யா” என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

வேறு நாலு பேர் வந்து தள்ளினார்கள்.