கால் முடிச்சு

தஸ்தகீர் மாமு இறந்துபோன அத்தாவின் உடலை இடப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்துக்கொள்ள, சஹீர் இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீரைத் தோளிலிருந்து ஊற்றிக்கொண்டு வந்தான். முதுகுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. லத்தியின் அகலத்தில் நாலு தடிப்புகள், கருத்துப்போய்.

"ஊத்துப்பா. தண்ணி ஆறிப்போகும்," என்றார் மாமு.

ஊற்றினான். முதுகில் அடி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். நேற்றுக் காலை மண்டல அலுவலகத்து வாசலில் நடைபாதை வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஊக்கும் நாடாவும் ஜாக்கெட் பிட்டும் விற்கிற அவனைப் பெற்ற அத்தா மைதீன் பிச்சையும் அவர்களில் ஒருவர். முப்பது வருஷமாகக் கடை போட்ட இடத்தை ஒரே நாளில் காலி செய்யச் சொன்னால், போய் உட்காராமல் வேறென்ன செய்வது? அரசாங்கமே கொடுத்த வியாபாரி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கோஷம்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தார்கள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். இவர்கள் அழக்கூட இல்லை, அதற்குள் அடி விழுந்துவிட்டது. அத்தாவையும், அவருக்குத் தண்ணீர் பாட்டில் கொண்டுபோன தம்பி சுஃப்யானையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் அத்தாவை மட்டும் ஓர் ஆட்டோவில் வைத்து அனுப்பினார்கள். கைலியைக் கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, சஹீரின் தோளில் தொங்கியபடி உள்ளே வந்து படுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, "சின்னவன் வரட்டும், அப்பறம் பாத்துக்கலாம்," என்றார். அம்மா சித்திகா காலைப் பிடித்துவிடப் போனபோது வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். விடிகாலைத் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது உயிர் இல்லை.

அந்தக் கால்களை இப்போது மாமு தூக்கிப் பிடித்தார். சஹீர் செம்போடு குனிந்தான். உள்ளங்கால் இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கி, நடுவில் தோல் பிளந்திருந்தது.

ரோட்டில் துரத்தி அடிக்கிறவன் உள்ளங்காலில் அடிப்பதில்லை. அதற்கு ஆளைப் படுக்க வைக்க வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும், இரண்டு காலையும் ஒருவன் பிடித்துக்கொள்ள வேண்டும். இதைப் பார்ப்பதற்கு முன்பே சஹீர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தான்.

காலை எட்டு மணிக்கே எஸ்.ஐ. மனோஜ்குமார் மஃப்டியில் வந்துவிட்டார். வாசலிலேயே ஷூவைக் கழற்றினார். நல்ல மரியாதைக்காரர். 'ங்க' போடாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

"அப்பாவுக்கு முன்னாலயே நெஞ்சுவலி இருந்துச்சாமுங்க. பாவமுங்க. அப்படியே ரெண்டு வரி எழுதிக் குடுத்துப்போட்டீங்கன்னா, மதியத் தொழுகைக்குள்ள தம்பியக் கொண்டாந்து உட்டர்றேனுங்க. அவரும் ஒரு கை மண்ணு போடோணுமில்லைங்களா?"

"எழுதலீன்னா?"

"தம்பி போலீஸ் மேல கல்லு உட்டதா இருக்குதுங்க. உங்க பேருகளுக்கு வேற செக்‌ஷனெல்லாம் சேர்க்கோணும்னு மேல சொன்னாங்கன்னா நான் என்னங்க பண்றது? வெளிய வரப் பத்து வருசம் ஆகுமுங்க."

சுஃப்யான் கொண்டுபோனது தண்ணீர் பாட்டில். அது எப்போது கல்லானது என்று கேட்க சஹீருக்கு வாய் வரவில்லை. எழுதினான். பட்டறையில் லேத் ஓட்டுகிற கை அது. ஒரு நூல் பிசகினாலும் பாகத்தைத் தூக்கி எறிகிற கை, நெஞ்சுவலி என்று பிசகாமல் எழுதியது. மனோஜ்குமார் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்த போன்களையும் ஒரு துணிப்பையில் வாங்கிக்கொண்டார். "அடக்கம் முடிஞ்சதும் பத்திரமாத் தந்தர்றேனுங்க," என்றார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ரகம்.

நாற்பது வருஷமாக மய்யித்துக் குளிப்பாட்டுகிற தஸ்தகீர் மாமு, எந்த வீட்டில் பார்த்ததையும் வெளியே சொன்னவரில்லை. குளிப்பாட்டுகிறவன் கண்டதை மறைக்க வேண்டும் என்பது ஒழுங்கு. சஹீர் அதைத்தான் பிடித்துக்கொள்ளப் பார்த்தான்.

"பாத்தத வெளிய சொல்லக்கூடாதில்லைங்க மாமு?"

மாமு பாதத்தைக் கீழே வைக்காமலே பேசினார். "மய்யித்தோட குறையத்தான் மறைக்கச் சொல்லியிருக்குது கண்ணு. அடிச்சவனோட குறைய மறைக்கச் சொல்லி எங்கயுமில்ல."

இவரிடம் கேட்டிருக்கவே வேண்டாம் என்று தோன்றியது சஹீருக்கு.

"நீ ஒரு வார்த்த சொல்லு. தெரைய வெலக்கிப்போட்டு எல்லாத்தையும் கூப்புடறேன். அடக்கத்த நிறுத்திப்போட்டு பெரியாஸ்பத்திரிக்கு எடுத்துட்டுப் போயிரலாம்."

"தம்பி?"

மாமு பாதத்தைக் கீழே வைத்தார். கற்பூரம் கரைத்த கடைசித் தண்ணீரை எடுத்து நீட்டினார்.

கஃபன் துணி சுற்றி, தலைமாட்டிலும் இடுப்பிலும் மாமு முடிச்சுப் போட்டார். கால் முடிச்சைச் சஹீர் போட்டான். இழுத்தால் அவிழ்கிற சுருக்குத்தான் போடுவது வழக்கம். அவன் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முடிச்சுப் போட்டு இறுக்கினான். மாமு பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

மனோஜ்குமார் சொன்ன சொல் தவறாதவர். மதியத் தொழுகைக்குக் கால்மணி நேரம் இருக்கையில் ஜீப் வந்து நின்றது. சுஃப்யான் இறங்கினான். அம்மா அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏதாச்சும் சாப்புட்டியா கண்ணு?" என்றாள். சஹீர் தம்பியின் முகத்தைப் பார்க்கவில்லை. பாதத்தின் வெளிவிளிம்பை மட்டும் ஊன்றி, முள்ளுக்காட்டில் நடப்பது போல அவன் நடந்து வந்ததைப் பார்த்தான்.

மய்யித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கியபோது முன்பக்கம் தோள் கொடுக்கப் போன சுஃப்யானுக்கு இரண்டு அடிக்குமேல் முடியவில்லை. "நீங்க பைய வாங்க தம்பி, நான் புடிச்சுக்கறேனுங்க," என்று மனோஜ்குமார் அந்த இடத்தில் தன் தோளைக் கொடுத்தார். நல்ல மனுஷன் என்று யாரோ சொன்னது சஹீரின் காதில் விழுந்தது. அவனும் தன் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டுத் தம்பியோடு பின்னால் நடந்தான்.

"மொதல்ல என்னத்தாண்ணா படுக்கப் போட்டாங்க," என்றான் சுஃப்யான் தரையைப் பார்த்தபடி. "அத்தா வந்து பக்கத்துல படுத்துக்கிட்டாரு. எனக்கு உக்காந்து பாக்கற யாவாரந்தானுங்க, கால் போனா போவுது, நடந்து திரியற பையன உட்டுருங்கன்னாரு. கால அவரே தூக்கிக் குடுத்தாரு."

சஹீர் முன்னால் போகிற சந்தூக்கைப் பார்த்தான்.

"அவர அடிச்சுப்போட்டு அப்பறம் என்னையும் அடிச்சாங்க."

கபர்க்குழிக்குள் சஹீரும் மாமுவும் இறங்கினார்கள். உடலை வலப்பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். உள்ளே வைத்ததும் முடிச்சுகளை அவிழ்த்துவிட வேண்டும். தலை முடிச்சும் இடுப்பு முடிச்சும் இழுத்தவுடன் வந்துவிட்டன. கால் முடிச்சு வரவில்லை. சஹீர் நகத்தால் கிளறிக்கொண்டிருந்தான். மேலே சுற்றிலும் வியாபாரிகள் நின்றார்கள், பலர் கழுத்தில் இன்னும் அந்த அட்டை.

"அண்ணா." சுஃப்யான் விளிம்பில் நின்று குனிந்தான். குரல் உயரவில்லை. "காலத் தெறந்து காட்டு. எல்லாரும் பாக்கட்டும்."

அவனுடைய தோளில் ஒரு கை வந்து அமர்ந்தது. "அழுவாதீங்க தம்பி," என்றார் மனோஜ்குமார், மெல்லத் தட்டிக்கொடுத்தபடி. சுஃப்யான் அழுதிருக்கவில்லை. அவர் கையையும் எடுக்கவில்லை.

முடிச்சு அவிழ்ந்தது. துணி தளர்ந்து விலகி, கறுத்த குதிகால் ஒரு விரலளவுக்கு வெளியே தெரிந்தது. சஹீர் மேலே பார்த்தான். தம்பியின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றுதான் நிமிர்ந்தான், அவன் தோளில் இருந்த கைதான் கண்ணில் பட்டது. துணியின் இரண்டு ஓரங்களையும் இழுத்து, குதிகாலுக்கு அடியில் நன்றாகச் செருகினான்.

பலகை வைத்து மூடி ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். மனோஜ்குமாரும் மற்றவர்களைப் பார்த்து, வலது கையால், முறையாகப் போட்டார்.

கபர்ஸ்தான் கேட்டருகே ஷூவை மாட்டிக்கொண்டு, சஹீரின் கையில் போன்களைக் கொடுத்தார். "ஜீப்புல சார்ஜ்கூடப் போட்டு வெச்சேனுங்க."

செருப்புக் குவியலுக்கு முன்னால் சுஃப்யான் நின்றிருந்தான். நடந்ததில் இன்னும் வீங்கிய கால் வாருக்குள் நுழையவில்லை. சஹீர் அவன் முன்னால் குந்தி, வாரைப் பிடித்து விரித்துப் பார்த்தான். அப்போதும் நுழையவில்லை. தடுமாறிய சுஃப்யான் அண்ணனின் தோளைப் பிடிக்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிறகு சுவரைத் தொட்டுக்கொண்டே, மத்தியான வெயிலில் கொதித்த தார் ரோட்டில் வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினான்.

சஹீர் தன் செருப்பையும் கழற்றினான். இரண்டு ஜோடியையும் ஒரே கையில் எடுத்துக்கொண்டு தம்பிக்குப் பின்னால் நடந்தான்.