பூட்டனின் பெருவிரல்

நாடு விட்டு வந்து குடியேறிய லாசாலில் என் வீட்டுக்கு யார் வந்தாலும் தேநீருக்கு முன்பே என் பூட்டனைக் காட்டிவிடுவேன். அது படம் இல்லை. கொழும்பில் ஆள் பிடித்து எடுப்பித்த பழைய வழக்குத் தாளின் பிரதி, கண்ணாடிச் சட்டத்துக்குள். காடெல்லாம் தன் ராசாவுக்குச் சொந்தம் என்று வெள்ளைக்காரன் எழுதிக்கொண்ட காலத்தில், அனுமதிச்சீட்டு எடுக்காமலே காட்டை வெட்டி எரித்துச் சேனையாக்கிச் சோளம் போட்டு, மறியலுக்கு, அதாவது சிறைக்குப் போனவர். தலை வணங்காத குடும்பம் என்று சொல்லிக்கொள்வேன். டவுன்டவுன் சமையலறையில் நான் நாளுக்கு நூறு தடவை பிரெஞ்சில் "வீ, ஷெஃப்", சரி ஐயா என்று சொல்வது வேறு கதை.

மட்டக்களப்பில் அந்தச் சேனையை இன்றும் செய்கிறவர் என் அண்ணன் ஞானசுந்தரம். போன வருடம் காட்டு அதிகாரிகள் அதற்குள் எல்லைக்கல் நட்டார்கள். அண்ணன் பிடுங்கி எறிந்தார். வழக்குப் போட்டார்கள். இனி அங்கே கால் வைக்கமாட்டேன் என்று கையெழுத்து வைத்தால் விட்டுவிடுவார்களாம்.

"பூட்டன் வைக்கல்ல, நான் வைப்பனா?" என்றார் அண்ணன்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. வேலைக்கு ஓடும் அவசரத்தில் சட்டத்தைக் கழற்றி, தாளின் இரண்டு பக்கத்தையும் படமெடுத்து அண்ணனின் வக்கீலுக்கு அனுப்பினேன். நூறு வருடத்துச் சேனைக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? பின்பக்கத்தை நான் வாசித்ததே இல்லை. கூட்டெழுத்து இங்கிலீஷ், இத்தனை காலமும் சுவரைப் பார்த்தபடி கிடந்தது.

வக்கீல் அதை வாசித்து அண்ணனுக்கு விளங்கப்படுத்தியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து, நான் மெட்ரோவுக்குள் இறங்கும்போது அண்ணன் அழைத்தார்.

"தம்பி, மறியலுக்குப் போன பதினேழாம் நாளே பூட்டன் பெருவிரல் வச்சிரிக்கார். இனிக் காட்டுக்குள்ள போகமாட்டன் என்டு."

படியிலேயே நின்றுவிட்டேன்.

"அதான் நானும் இன்டைக்குக் கையெழுத்து வச்சிட்டன். சோளம் பால் பிடிச்சு நிக்குது. இனி றோட்டில நின்டுதான் பார்க்கணும்."

என் வீண்பெருமையால் என் கையாலேயே அவரைக் கவிழ்த்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது.

"அண்ணன், அவர் வச்சிட்டும் திரும்பப் போய் வெட்டியிரிக்கார். இல்லாட்டி நமக்கு ஏது சேனை?"



"ஓம். நானும் அதை யோசிச்சன்," என்றார். "அவருக்கு அப்ப இருபத்திரண்டு வயசு, தம்பி. எனக்கு அறுபத்தெட்டு."